சொனோரா பாலைவனத்தில் ஒரு குளிர்காலம்: சரளைப் பாதைச் சைக்கிள் ஓட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தென்பாதியிலிருந்து மெக்சிகோவுக்குள் நீளும் சொனோரா பாலைவனம், கோடையில் பகல் நேரத்தில் வெளியே இறங்கவே தயங்க வைக்கும் நிலம். நவம்பர் பிறந்துவிட்டால் அதே நிலம் சைக்கிள் ஓட்டுவதற்கு மிகவும் உகந்ததாக மாறிவிடுகிறது. வடக்கே பனி மூடிய ஊர்களிலிருந்து ஏராளமானோர் இங்கே வந்து மார்ச் வரை தங்குகிறார்கள்; அவர்களில் பலர் சைக்கிளையும் உடன் கொண்டு வருகிறார்கள். இரண்டு நாள் விடுமுறைக்கு வந்து போகிறவருக்கு இல்லாத ஒரு வசதி இப்படி நெடுநாள் தங்குபவருக்கு உண்டு. மழை பெய்தால் தரை காயும்வரை காத்திருக்கலாம். காற்று பலமாக வீசினால் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளலாம். புதிய பாதையை முதல் நாள் பாதி தூரம் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் முழுமையாக ஓட்டலாம். இந்த வழிகாட்டியில் வரும் முடிவுகளில் பெரும்பாலானவை அந்த வசதியை வீணாக்காமல் இருப்பதைப் பற்றியவையே.

காலமும் தங்குமிடமும்

சொனோராவுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியுடன் கொட்டித் தீர்க்கும் பருவமழை பெய்கிறது; டிசம்பர் முதல் மார்ச் வரை பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் மேகங்கள் மெல்லிய, நெடுநேர மழையைத் தருகின்றன. குளிர்கால மழை மாதத்தில் சில நாட்களுக்கு மேல் குறுக்கிடுவதில்லை. டூசான் நகரில் ஜனவரி மாதப் பகல் வெப்பநிலை சராசரியாக 19 டிகிரி செல்சியஸ் அளவிலும், இரவு வெப்பநிலை 4 அல்லது 5 டிகிரி அளவிலும் இருக்கும். ஒரே நாளில் 15 டிகிரி ஏறி இறங்குவது இங்கே சாதாரணம் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். உடை, புறப்படும் நேரம், திரும்பும் நேரம் ஆகிய அனைத்தும் அதைப் பொறுத்தே அமையும்.

எங்கே தங்குவது என்பதைக் கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரத்தை வைத்துத் தீர்மானிப்பது நல்லது. ஃபீனிக்ஸ் சுமார் 330 மீட்டர் உயரத்திலும், டூசான் சுமார் 730 மீட்டர் உயரத்திலும், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பட்டகோனியா என்ற சிற்றூர் 1,200 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கின்றன. டிசம்பரிலும் ஜனவரியிலும் பட்டகோனியாவின் காலைப் பொழுது உறைபனியுடன்தான் விடியும். ஆகவே குளிர் உச்சத்தில் தாழ்வான இடங்களிலும், பிப்ரவரி இறுதிக்குப் பிறகு உயரமான புல்வெளிகளிலும் ஓட்டுமாறு திட்டமிடலாம். ஒரே இடத்தில்தான் தங்க முடியும் என்றால், என் தேர்வு டூசான். அங்கிருந்து இரண்டு வகை நிலத்துக்கும் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். சைக்கிள் பழுது பார்ப்பவர்களுக்கும் குறைவில்லை.

வாடகை வீட்டுக்குப் பதிலாக வண்டி வீட்டில் தங்குவோர், கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நிலங்களில் முகாமிடலாம். பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்க அனுமதியில்லை. குளிர்காலம் முழுவதும் தங்க விரும்புவோருக்கென, கார்ட்சைட் அருகே உள்ள லா போசா, யூமா அருகே உள்ள இம்பீரியல் டேம் போன்ற நெடுநாள் தங்கல் பகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் செலுத்தி அங்கே இருக்கலாம். செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தச் சுற்றுவட்டாரம் பெரும்பாலும் தட்டையானது. மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடும் மோட்டார் வண்டிகளும் அதிகம். சைக்கிளுக்காகவே வருபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சைக்கிளைத் தயார் செய்தல்

பாலைவனத்துக்கென்று புதிய சைக்கிள் வாங்கத் தேவையில்லை. டயரில் மட்டும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது. 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் இங்குள்ள தளர்ந்த சரளையிலும் மணலிலும் துன்பத்தையே தரும். சட்டகம் இடம் கொடுத்தால் 45 முதல் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள, பக்கச் சுவர் தடித்த டயரைப் பொருத்துவது சரி. முன்பக்க அதிர்வுத் தாங்கி கொண்ட எளிய மலைச் சைக்கிளை ஏற்கெனவே வைத்திருப்பவர் அதையே கொண்டு வரலாம். இப்பகுதியின் கரடுமுரடான பாதைகளில் அது சரளைப் பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளை விடவும் வசதியாகவே இருக்கும்.

டியூப்லெஸ் அமைப்பு இல்லாமல் இங்கே ஓட்டுவது வீண் பிடிவாதம். காரணம் முட்கள். நம் வயல் வரப்புகளில் காலைக் குத்தும் அதே நெருஞ்சி, வேற்று நாட்டுக் களையாக இங்கே வந்து, சாலையோரங்களிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் காலி மனைகளிலும் படர்ந்து கிடக்கிறது. ஆழ்ந்த பாலைவனத்தைவிட மனிதர் கிளறிய மண்ணில்தான் நெருஞ்சி செழிக்கும். ஆகையால் பாதை தொடங்குமிடத்தில் சைக்கிளைத் தரையில் உருட்டிச் செல்லாமல், வண்டியிலிருந்து இறக்கித் தூக்கிச் சென்று பாதையில் வைப்பது பல பஞ்சர்களைத் தவிர்க்கும். இவற்றோடு நம் சீமைக் கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் மரத்தின் முள்ளும், கேட்கிளா என்ற புதரின் வளைந்த முள்ளும், கள்ளி வகைகளின் ஊசிகளும் சேர்ந்துகொள்கின்றன.

துளைகளை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றும் சீலன்ட் பெரும்பாலும் லேடெக்ஸ் பாலால் ஆனது. வறண்ட காற்றில் அது மற்ற இடங்களைவிட விரைவாகக் காய்ந்து தோலாகிவிடும். ஈரமான ஊரில் மூன்று நான்கு மாதம் தாங்கும் சீலன்ட்டை இங்கே மாதம் ஒருமுறையாவது திறந்து பார்த்து, குறைந்ததை ஊற்றி நிரப்ப வேண்டும். 45 மில்லிமீட்டர் டயருக்கு முதலில் 90 முதல் 120 மில்லிலிட்டர் வரை தாராளமாக ஊற்றலாம். பெரிய துளைகளை அடைக்கும் ரப்பர் திரிகள், அவற்றைச் செலுத்தும் ஊசி, ஒரு மாற்று டியூப், கைப்பம்பு, சிறிய இடுக்கி ஆகியவை எப்போதும் சைக்கிளில் இருக்க வேண்டும். டியூப் போட நேர்ந்தால், அதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் தடவிப் பார்த்து, சீலன்ட் அடைத்து வைத்திருந்த பழைய முட்களை எல்லாம் இடுக்கியால் பிடுங்கிவிட வேண்டும்; இல்லையேல் புதிய டியூப் அடுத்த நிமிடமே காற்றை இழக்கும்.

காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் 28 முதல் 32 பி.எஸ்.ஐ. வரை நல்ல தொடக்கம். மணல் அதிகமுள்ள நாளில் இன்னும் சில புள்ளிகள் குறைக்கலாம். கூரிய பாறைகள் மிகுந்த பாதையில் விளிம்பு அடிபடாதபடி சற்றுக் கூட்டலாம். பற்சக்கரங்களில் முன்னது பின்னதைவிடப் பெரிதாக இல்லாத ஒரு கியராவது இருக்க வேண்டும். தளர்ந்த சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும் என்பதால், உட்கார்ந்தபடியே ஏறுவதற்கு அந்தக் கியர் உதவும்.

நிலம் யாருடையது என்று அறிதல்

வேலியே இல்லாத வெட்டவெளி அனைத்தும் பொதுவழி என்று எண்ணிவிடுவது புதிதாக வருவோர் அடிக்கடி செய்யும் பிழை. அரிசோனாவில் ஒரே பாதை நான்கு வகை நிலங்களைக் கடந்து செல்லக்கூடும், ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. மாநில அறக்கட்டளை நிலம் எனப்படுவது சுமார் 92 லட்சம் ஏக்கர். பெரும்பகுதி பொதுப் பள்ளிகளுக்கு வருவாய் ஈட்டுவதற்காக மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பார்வைக்கு வெறும் பாலையாகத் தோன்றினாலும், அதில் பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுவதற்கு மாநில நிலத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். அதை இணையத்திலேயே பெறலாம். வந்த முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது. தேசியக் காடுகளிலும் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களிலும் உள்ள மண் சாலைகளில் பெரும்பாலும் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம்.

1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வனாந்தரப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் சைக்கிளுக்கு முற்றாகத் தடை உண்டு. மெக்சிகோ எல்லையிலிருந்து யூட்டா எல்லை வரை ஏறத்தாழ 1,290 கிலோமீட்டர் செல்லும் அரிசோனா நெடும்பாதையும் இத்தகைய பல பகுதிகளைக் கடப்பதால், சைக்கிளில் செல்வோர் அங்கெல்லாம் சுற்றுவழியில் போக வேண்டியிருக்கிறது. தேசியப் பூங்காக்களில் பொதுவாக மோட்டார் வண்டிகள் செல்லும் சாலைகளில் மட்டுமே சைக்கிளுக்கு அனுமதி. டூசானின் கிழக்கே உள்ள சகுவாரோ தேசியப் பூங்காவில், வளையச் சாலைக்கு நடுவே செல்லும் கள்ளிக்காட்டு ஒற்றையடிப் பாதையின் 4 கிலோமீட்டர் பகுதி ஒரு நல்ல விதிவிலக்கு. மின்சைக்கிள் கொண்டு வருவோர் ஒவ்வொரு நிலத்தின் விதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மாட்டுப் பண்ணைகளின் வாயில்கள் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்வது மீறக்கூடாத மரபு.

முதல் வாரம்

பனிப்பகுதியிலிருந்து வருபவரின் உடல் வறண்ட காற்றுக்கும் நேர் வெயிலுக்கும் பழக ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாத, தங்குமிடத்துக்கு அருகிலான ஓட்டங்களே போதும். ஒரே பாதையைக் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் ஓட்டிப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி: எந்தப் பள்ளத்தில் குளிர்ந்த காற்று தேங்குகிறது, பிற்பகலில் காற்று எத்திசையிலிருந்து எழுகிறது, எவ்வளவு நீர் குடிக்கிறோம் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

மண்ணைப் படித்து ஓட்டுதல்

பாலைவன ஓட்டத்தின் நுட்பம் முழுவதும் தரையை முன்கூட்டியே படிப்பதில் இருக்கிறது. நான்கு வகைத் தரைகளைப் பிரித்தறியப் பழகினால் மற்றவை தாமாக வரும்.

முதலாவது, வாஷ் என்று இங்குள்ளோர் சொல்லும் வறண்ட ஓடை. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் இதைப் பாதைகள் அடிக்கடி குறுக்கே கடக்கின்றன. மணலுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றுவது பயனற்றது. நுழைவதற்குச் சற்று முன்பே ஒன்றிரண்டு கியர் இறக்கி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளி, ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், சீராக மிதித்துக்கொண்டே போக வேண்டும். முன்சக்கரம் தானாகச் சற்று அலையும். அதைத் திருத்த முனைந்தால்தான் விழுவோம். திருப்ப வேண்டிய இடத்தில் இடுப்பைச் சாய்த்துத் திருப்ப வேண்டும். மோட்டார் வண்டிகளின் சக்கரத்தடம் மணலை அழுத்தி வைத்திருந்தால் அதுவே சிறந்த வழி. முந்தைய மழையின் ஈரம் மிச்சமிருக்கும் மணல் காய்ந்த மணலைவிடக் கெட்டியானது என்பதால், நிறம் கறுத்த பட்டையைத் தேடிச் செல்வதும் உதவும். நூறு மீட்டருக்கு மேல் நீளும் ஆழமணலை இறங்கித் தள்ளிக் கடப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, மண் சாலையின் குறுக்கே வரிவரியாக எழும் மேடுபள்ளங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் செல்லும் வண்டிச் சக்கரம் தளர்ந்த தரையில் சற்றுத் துள்ளி விழும்போது மண்ணைத் தள்ளிச் சிறு மேட்டை உண்டாக்குகிறது. அந்த மேடு அடுத்து வரும் சக்கரத்தையும் துள்ளச் செய்து, வரிகளை மேலும் ஆழமாக்குகிறது. வண்டிகள் முடுக்கும் ஏற்றங்களிலும், பிரேக் பிடிக்கும் வளைவுகளுக்கு முன்பும் இவை மோசமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. சைக்கிளுக்குச் சாலையின் ஓரவிளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு மென்மையான தடம் பெரும்பாலும் கிடைக்கும். எதிரே வரும் வண்டிகள் தெரியாத வளைவுகளில் மட்டும் அந்தத் தடத்தைத் தேடிச் சாலையின் தவறான பக்கத்துக்குப் போய்விடக் கூடாது.

மூன்றாவது, களிமண்ணும், சுண்ணாம்பால் இறுகிய கேலிச்சி அடுக்கும். காய்ந்திருக்கும்போது தார்ச்சாலை அளவுக்கு வேகம் தரும் இந்தத் தரை, நனைந்தால் டயரில் அப்பிச் சட்டகத்தை அடைத்து, சக்கரத்தைச் சுழலவே விடாது. ஈரத்தில் பதிந்த தடங்கள் காய்ந்து, அடுத்த மழைவரை அனைவருக்கும் இடையூறாக நிற்கும். மழைக்குப் பின் ஒன்றிரண்டு நாள் இத்தகைய சாலைகளை விட்டுவிட்டு, நான்காவது வகையான சிதைந்த கிரானைட் மணற்பரப்புக்குப் போக வேண்டும். நீரை உடனே வடியவிடும் அந்தப் பரப்பு, மழைக்கு மறுநாள் தூசியின்றி, பிடிமானத்துடன், ஆண்டிலேயே சிறந்த நிலையில் இருக்கும்.

எவ்வகைத் தரையாக இருந்தாலும் பாதையை விட்டு விலகி ஓட்டக் கூடாது. பாதைக்கு வெளியே கருமையான, சொரசொரப்பான மேலோடாகத் தெரிவது உயிருள்ள மண்; சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் ஆகியவை சேர்ந்து மண்ணரிப்பைத் தடுக்கும் அந்த ஓடு ஒருமுறை நொறுங்கினால் மீள்வதற்குப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும்.

நீர் ஓடிக்கொண்டிருக்கும் ஓடையைக் கடக்க முயல வேண்டாம். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்யத் தேவையில்லை; தொலைவில் மலையில் பெய்த மழையே போதும். அங்கேயே சில மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் நீர் வடிந்துவிடும்.

நீர், உடை, நேரம்

குளிர்காலப் பாலையில் ஏமாற்றுவது தாகம். வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடுவதாலும், காற்று குளிர்ந்திருப்பதாலும், உடல் இழக்கும் நீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிப்பதாகக் கணக்கிட்டு, அதற்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கான நீரைக் கூடுதலாகச் சுமந்து செல்ல வேண்டும். ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு மூன்றரை முதல் ஐந்தேகால் லிட்டர் வரை ஆகும். அதாவது ஐந்து கிலோ வரை எடை. அதில் பாதியைச் சட்டகத்திலும் பாதியை முதுகுப்பையிலும் வைத்தால் சைக்கிளைக் கையாள்வது எளிது. வரைபடத்தில் நீர்நிலை என்று குறிக்கப்பட்டவை பெரும்பாலும் மாடுகளுக்கான தொட்டிகள். அவை வறண்டிருக்கலாம், நிறைந்திருந்தாலும் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. அவற்றின் அருகே முகாமிட்டு விலங்குகளை நீரண்ட விடாமல் தடுப்பது அரிசோனாவில் சட்டப்படி குற்றம். கால் மைல் தள்ளியே கூடாரம் போட வேண்டும்.

டிசம்பரில் பகல் பத்து மணி நேரமே. டூசானில் மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மறைந்த அரை மணி நேரத்தில் குளிர் எலும்பில் உறைக்கத் தொடங்கும். எனவே காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மூன்று மணிக்குள் திரும்புவது வசதியான வழக்கம். கழற்றி மடிக்கக்கூடிய, கைகளை மூடும் துணி உறைகள், காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலங்கி, முழுவிரல் கையுறை ஆகியவை போதும். எவ்வளவு குறுகிய ஓட்டமானாலும் ஒரு முன்விளக்கு பையில் இருக்கட்டும். மாலையில் மேற்கு நோக்கிய சாலையில் தாழ்ந்த சூரியன் ஓட்டுநர்களின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், திரும்பும் வழியை முடிந்தவரை வேறு திசையில் அமைத்துக்கொள்ளலாம். காற்றுள்ள நாளில் எதிர்காற்றை முதலில் சந்தித்து, பின்காற்றோடு வீடு திரும்புவது எங்கும் பொருந்தும் விதி. நீர் தீர்ந்துபோகக்கூடிய நிலத்தில் அதற்கு மதிப்பு அதிகம்.

முள்ளும் உயிரினங்களும்

சோயா (cholla) என்ற கள்ளிக்குக் குதிக்கும் கள்ளி என்றும் பெயர் வழங்குகிறது. அது குதிப்பதில்லை, இலேசாக உரசினாலே அதன் கணு கழன்று ஒட்டிக்கொள்கிறது. முள்ளின் நுனியில் பின்னோக்கிய கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருப்பதால் கையால் இழுத்தால் கையிலும் ஏறிவிடும். அகன்ற பல்லுள்ள சீப்பொன்றைத் தோலுக்கும் கணுவுக்கும் இடையே செருகி, யாரும் நிற்காத பக்கமாக ஒரே வீச்சில் தட்டிவிட வேண்டும். எஞ்சிய முட்களை இடுக்கியால் பிடுங்கலாம். மிகக் குறைந்த எடையுள்ள முதலுதவிப் பொருள் அந்தச் சீப்புதான்.

சலசலவாலன் (ராட்டில்ஸ்நேக்) என்ற நச்சுப் பாம்புகள் குளிர் மாதங்களில் பெரும்பாலும் வளைக்குள் முடங்கியிருக்கும். பிப்ரவரி இறுதியில் வெயில் ஏறும் நாட்களில் பாதையோரம் படுத்திருக்கத் தொடங்கும். அவற்றைவிடக் குளிர்காலத்தில் கவனிக்க வேண்டியது வேட்டைப் பருவம். மான், காடை, பன்றி போன்ற ஜாவலீனா ஆகியவற்றுக்கான பருவங்கள் இந்த மாதங்களிலேயே வருவதால், பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை அணிவது அறிவுடைமை. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் ஏராளமாக உள்ள மாநிலம் இது. மறைவிடம் தேடிப் பாதையை விட்டு நடக்கும்போதும் காலடியைப் பார்த்து வைக்க வேண்டும்.

பெரும்பாலான நல்ல பாதைகளில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வதோடு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியொன்றையும் கொண்டு செல்ல வேண்டும். எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்பாவிட்டால் உதவி கோர வேண்டும் என்பதைத் தங்குமிடத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டே புறப்பட வேண்டும்.

எந்தப் பாதையில் தொடங்குவது

ஃபீனிக்ஸ் பக்கம் தங்குவோர், மெக்டவல் மலை வட்டாரப் பூங்காவில் உள்ள சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள பெம்பர்ட்டன் வளையத்தில் தொடங்கலாம். சிதைந்த கிரானைட் தரையும் மிதமான ஏற்றமும் கொண்ட அது கிராவல் சைக்கிளுக்கே ஏற்றது. அங்கு பழகியவர் வடக்கே செல்லும் பிளாக் கேன்யன் பாதையை எட்டிப் பார்க்கலாம். ஆனால் அது மலைச் சைக்கிளுக்கான நிலம். டூசானில், மேற்கே ஸ்வீட்வாட்டர் காப்பகத்தின் ஒற்றையடிப் பாதைகளும், கிழக்கே மலைக்கணவாய்க்கு ஏறும் ரெடிங்டன் சாலையும் ஒன்றுக்கொன்று மாறான அனுபவம் தருபவை. பின்னதில் வார இறுதிகளில் துப்பாக்கிப் பயிற்சி செய்வோரும் மோட்டார் வண்டிகளும் மிகுதி. வாரநாளில் செல்வதே நல்லது.

என் கருத்தில் இந்தப் பகுதியின் தலைசிறந்த சரளை ஓட்டம், பட்டகோனியாவிலிருந்து சான் ரஃபேல் பள்ளத்தாக்குக்குச் செல்லும் சாலைகள்தான். கள்ளிகளே இல்லாத, அடிவானம் வரை விரியும் புல்வெளி. வண்டிப் போக்குவரத்து மிகக் குறைவு. வழியில் கடையோ நீரோ கிடையாது. எல்லைக் காவல் படையின் வண்டிகள் அடிக்கடி எதிர்ப்படும். வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். முதல் முறை பாதி வளையம் சென்று திரும்பி, நீர்க்கணக்கைச் சரிபார்த்த பிறகு முழு வளையத்துக்குப் போகலாம்.

பராமரிப்பு

இங்குள்ள தூசியில் ஈரப்பசை எண்ணெய் போட்ட சங்கிலி சில மணி நேரத்தில் அரைக்கும் பசையாகிவிடும். மெழுகு அல்லது உலர் எண்ணெய் மட்டுமே பொருந்தும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சங்கிலியைத் துணியால் துடைத்து, மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். அழுத்த நீர் பாய்ச்சிக் கழுவுவது மண்ணைத் தாங்கு உருளைகளுக்குள் தள்ளிவிடும். வரிமேட்டுச் சாலைகளின் அதிர்வில் திருகாணிகள் தளர்வதால், வாரம் ஒருமுறை அனைத்தையும் தொட்டுப் பார்த்து முடுக்க வேண்டும். நீர்ப்புட்டித் தாங்கியின் திருகாணிகள்தான் முதலில் கழலும்.

ஊர் திரும்பும்போது

தெற்கு அரிசோனாவின் மண்ணில் வாழும் கோக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சையின் நுண்வித்துகள் தூசியோடு நுரையீரலுக்குள் சென்று வேலி ஃபீவர் என்ற நோயை உண்டாக்குகின்றன. பலருக்கு அறிகுறியே இருக்காது. சிலருக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், இருமல், வாரக்கணக்கில் நீங்காத களைப்பு ஆகியவை தோன்றும். நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது கடுமையாகலாம். தூசிப்புயல் நேரத்தில் ஓட்டாதிருப்பதும், மோட்டார் வண்டிகளின் பின்னால் தொடர்ந்து செல்லாதிருப்பதும் வாய்ப்பைக் குறைக்கும். ஊர் திரும்பிய பின் இத்தகைய இருமல் வந்தால், பாலைவனத்தில் தங்கியிருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பிற இடங்களில் இதைச் சாதாரண நிமோனியா என்று கருதி, பூஞ்சைக்குப் பயன்படாத ஆன்டிபயாட்டிக் கொடுத்து நாட்களைக் கடத்திவிட வாய்ப்புண்டு.

சைக்கிளை வண்டியில் ஏற்றுவதற்கு முன் டயர்களிலும் காலணிகளிலும் ஒட்டியிருக்கும் நெருஞ்சிக் காய்களைப் பிடுங்கி, மூடிய பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். அவை விதைகள், விழுந்த இடத்தில் முளைக்கும்.